கிலோமீட்டருக்குத் தெரியாத மலை

2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு பக்கத்துப் புலியூரிலிருந்து சேம்பரை மலைக்கோயிலுக்குப் புறப்பட்ட சரக்கு வேன் ஜவ்வாது மலைச் சரிவில் உருண்டு 11 பேர் இறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2024 மே 20 அன்று, சத்தீஸ்கரின் கவர்தா பகுதியில் பீடி இலை பறித்துவிட்டு பிக்கப் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த பழங்குடி மக்கள் 19 பேர் மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து பலியானார்கள். இரண்டுமே பிரேக் கோளாறால் நடந்தவை என்று இங்கே சொல்ல வரவில்லை. இரண்டிலும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது, வண்டி கட்டுப்பாட்டை இழந்தது என்ற ஒரு வரியோடு செய்தி அடங்கியது என்பதுதான் விஷயம். வண்டியில் எது கெட்டது, எத்தனை நாளாகக் கெட்டுக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. உயிர் போகாத இடத்தில் அந்தக் கேள்விக்கு இன்னும் மதிப்பு குறைவு. வாங்கி இரண்டு வருடம்கூட நிறையாத பிக்கப், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் மலையோரக் கால்வாயில் முட்டி நின்றால், ஓட்டினவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, லைனர் மாற்றி, மறுநாள் லோடுக்குக் கிளம்பிவிடுகிறது. அந்தப் புது வண்டிக்கு ஏன் அப்படி ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஜவ்வாது மலையில் பிக்கப் வண்டி என்பது வெறும் வாகனம் அல்ல. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில் விளையும் சாமையும், புளியும், பலாவும், கடுக்காயும் காசாக மாற வேண்டுமானால் போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ திருப்பத்தூருக்கோ செங்கத்துக்கோ இறங்கியாக வேண்டும். உரமும் சிமென்டும் அரிசி மூட்டையும் மேலே ஏறியாக வேண்டும். லாரி திரும்ப முடியாத ஊர்ச் சாலைகளில் இந்த வேலை முழுவதும் மூன்று டன்னுக்குள் நிற்கும் பிக்கப்களின் மேலும், குட்டி யானை என்று செல்லமாக அழைக்கப்படும் அதைவிடச் சிறிய வண்டிகளின் மேலும்தான் விழுகிறது. கல்யாணம், காதுகுத்து, சாவு என்றால் ஆட்களும் அதில்தான். பெரும்பாலும் கடனில் வாங்கிய வண்டி. மாதத் தவணை நிற்காது என்பதால் வண்டியும் நிற்க முடியாது. பழுது பார்க்கக் கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் மலை இறங்க வேண்டும், அதாவது பிரேக் சரியில்லாத வண்டியை இறக்கத்தில் ஓட்டித்தான் பிரேக்கைச் சரிசெய்யப் போக வேண்டும்.

என் வாதம் இதுதான்: புதிய பிக்கப்பில் பிரேக் சீக்கிரம் போவதற்கு, உற்பத்திக் குறை, ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற இரண்டைத் தாண்டி மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. வண்டியின் ஆயுளை நாம் கிலோமீட்டரில் அளக்கிறோம். பிரேக்கின் ஆயுள் மலையில் கிலோமீட்டரில் கரைவதில்லை, இறங்கிய உயரத்தில் கரைகிறது. சர்வீஸ் அட்டவணை, உத்தரவாதம், தகுதிச் சான்று எல்லாமே கிலோமீட்டரையும் வருடத்தையும் மட்டுமே பார்க்கின்றன. சமவெளியில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியும், தினமும் மலைமேலிருக்கும் ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கி ஏறிய வண்டியும் அந்தக் காகிதங்களில் ஒன்றே. உண்மையில் அவை வேறு வேறு வயதுள்ள வண்டிகள்.

இதை மதிப்பிட பள்ளிக்கூட இயற்பியல் போதும். இதே மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மலையின் ஊர்கள் பலவும் ஏறத்தாழ அந்த மட்டத்தில்தான். அங்கிருந்து லோடோடு மூன்று டன் எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் ஜூல். ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேறு விதமாகச் சொன்னால், அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முற்றாக நிறுத்த சுமார் 4 லட்சத்து 17 ஆயிரம் ஜூல் வெப்பத்தை பிரேக் விழுங்க வேண்டும். 500 மீட்டர் இறக்கம் அப்படிப்பட்ட 35 நிறுத்தங்களுக்குச் சமம். டயர் உராய்வும் காற்றும், சரியான கியரில் இறங்கினால் எஞ்சினும், இதில் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் முன்சக்கர டிஸ்க்கிலும் பின்சக்கர டிரம்மிலும்தான் இறங்குகிறது. சமவெளியில் 35 முறை முழுசாக பிரேக் பிடிக்க ஒரு நாள் ஆகும், இடையிடையே ஆறவும் செய்யும். மலையில் அது அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கிலோமீட்டர் மீட்டரில் அதற்குள் இருபதோ முப்பதோதான் கூடியிருக்கும்.

அந்த வெப்பம் என்ன செய்கிறது என்பதில்தான் இந்தப் பிரச்சினையின் சூட்சுமம் இருக்கிறது. லைனர் அளவுக்கு மீறிச் சூடானால் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, பிடிமானம் குறைகிறது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவிலிருந்து விலகுவதால் பெடல் ஆழமாக இறங்குகிறது. இவை இரண்டையும் அனுபவமுள்ள ஓட்டுநர் வாசனையிலும் காலிலும் உணர்ந்துவிடுவார். பிரேக் ஆயில் அப்படி முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரம். நீர் சேர்ந்த பிறகு அதே ஆயிலுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230-லிருந்து 155. மழையும் பனிமூட்டமுமான இடத்தில், மூடி சரியாக இறுக்கப்படாத ஆயில் டப்பாவோடு இரண்டு வருடம் ஓடிய வண்டியின் ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. சூடேறிய சக்கரத்தருகே ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகிறது. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி நசுங்கிக்கொள்ளும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

ஆயில் ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். கட்டி இழுத்துக்கொண்டு போனாலும், மறுநாள் சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்தாலும், பிரேக் நன்றாகவே இருக்கும். கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம், அவர்கள் பார்த்தது அதைத்தான். விபத்தான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பதும் பெரும்பாலும் எல்லாம் ஆறிய பிறகுதான். விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல என்று அவர் எழுதினால், வழக்கு ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற ஒரே தடத்தில் போய்விடுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் கவனக்குறைவால் உயிர்போக்கியதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. பிரேக் ஆயிலை ஒரு சீசாவில் எடுத்து அதன் ஈரத்தையும் கொதிநிலையையும் சோதிக்க ஒரு சிறு கருவி போதும். சாதாரண ஒர்க்‌ஷாப்களில்கூட வைத்திருக்கக்கூடிய கருவி அது. சாவு நேர்ந்த மலை விபத்து ஒவ்வொன்றிலும் அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கினாலே, ஆறிப்போன பிரேக்கை வைத்து ஓட்டுநரின் தலையெழுத்தை முடிவுசெய்யும் வழக்கம் பாதியாகக் குறையும்.

எல்லாவற்றையும் வெப்பத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. வெப்பம் விளக்காத கோளாறுகள் உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் உள்ளேயே கசிந்து, வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் பெடல் மெல்ல மெல்லக் கீழே போவது. வாக்குவம் பூஸ்டரின் ஹோஸ் விரிசல் விட்டு பெடல் கல்லாக இறுகிப்போவது. பிரேக் பைப் சேஸிஸில் உரசித் தேய்வது. லோடுக்கு ஏற்பப் பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு துருப்பிடித்து நகராமல் நிற்பது. இரண்டு வயது வண்டியில் இவை நேர்ந்தால், தேய்மானம் என்ற பதில் செல்லாது. தயாரிப்பாளர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்று நம்ப வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை, அவர்களே அறிவித்த திரும்பப் பெறுதல்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் மகிந்திரா நிறுவனம், 2020 ஜனவரிக்கும் 2021 பிப்ரவரிக்கும் இடையில் தயாரான 29,878 பிக்கப் வண்டிகளில் ஒரு திரவக் குழாய் சரியாகப் பொருத்தப்படவில்லையோ என்ற ஐயத்தில் அவற்றை வரவழைத்துச் சோதித்து, இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. 2022 அக்டோபரில் மாருதி சுசுகி, பின்சக்கர பிரேக்கின் ஒரு பின்னில் குறை இருக்கலாம் என்று 9,925 கார்களைத் திரும்ப அழைத்தது. வட அமெரிக்காவில் 2016 மே மாதம் ஃபோர்டு நிறுவனம் 2013, 2014 மாடல் எஃப்-150 பிக்கப்களில் ஏறத்தாழ 2,71,000 வண்டிகளை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் கசிகிறது என்பதற்காகத் திரும்ப அழைத்தது. அவையும் ஓடி மூன்று வருடத்துக்குள் இருந்த வண்டிகளே. குறையை ஒப்புக்கொண்டு அறிவிப்பதை நான் இழிவாகப் பார்க்கவில்லை. ஒப்புக்கொள்ளும் நிறுவனம்தான் நம்பத் தகுந்தது. ஆனால் புது வண்டியிலும் குறை வரும் என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொள்ளும்போது, மலையில் இருப்பவன் வந்து சொன்னால் மட்டும் ஓட்டத் தெரியவில்லை என்று ஏன் பதில் வருகிறது?

இந்த இடத்தில் வரும் முதல் மறுப்பு நியாயமானது. ஓட்டும் முறையும் காரணம்தானே என்பார்கள். ஆமாம், பெரிய காரணம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது, அதைவிட மோசமாக எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுவது, மலையில் பல ஓட்டுநர்களிடம் உள்ள பழக்கம். எஞ்சின் நின்றால் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது, மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத் தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அதுவும் இறுகிவிடும். மிச்சப்படும் டீசலை அளந்து பார்த்தால் ஒரு டீக் காசுகூடத் தேறாது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்ற பழைய ஓட்டுநர்களின் விதி இன்றைக்கும் சரியானது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் மட்டுமே வரச் சொல்லி எச்சரிக்கை வைத்திருப்பதும் இதனால்தான். ஆனால் இந்த மறுப்பு அரைவாசிக்குத்தான் செல்லும். ஓட்டுநர் உரிமத் தேர்வு நடப்பது சமவெளி மைதானத்தில். அங்கே ஓட்டிக் காட்டியவர் மறுநாள் மலையில் மூன்று டன்னை இறக்கலாம் என்று அனுமதித்தது அரசுதான். வண்டியோடு கொடுக்கும் கையேட்டில், இறக்கத்தில் எந்த லோடுக்கு எந்த கியர் என்று தமிழில் ஒரு பக்கம் விளக்கமாகப் போடுவதற்குத் தயாரிப்பாளருக்கு எந்தத் தடையும் இல்லை. கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் கற்றுக்கொடுக்காமல், கற்காதவனை மட்டும் குற்றவாளியாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது மறுப்பு லோடு. இதில் மலைக்காரர்களுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஒன்றேகால் டன்னுக்கான வண்டியில் இரண்டேகால் டன் ஏற்றினால், மேலே போட்ட கணக்கில் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, அதோடு பிரேக்கை வடிவமைத்த எல்லையும் தாண்டிவிடுகிறது. பக்கப் பலகை உயர்த்தி, பட்டை கூட்டி, டயரை மாற்றி வண்டியைப் பலப்படுத்துபவர்கள் பிரேக்கை மட்டும் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு அதிக லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. ஆட்களை ஏற்றும் விஷயம் இன்னும் கொடியது. சரக்கு வண்டியில் சும்மா பயணம் செய்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தன் சரக்கோடு கூடவே போகும் சரக்குக்காரருக்கு மட்டும் 1994 சட்டத் திருத்தம் பாதுகாப்பு தருகிறது. அதாவது புளி மூட்டையோடு போகும் விவசாயிக்கு ஒரு நியாயம், கோயிலுக்குப் போகும் அவர் மனைவிக்கு வேறு நியாயம். ஏறியவர்களைக் குறை சொல்வதற்கு முன், 2023 மே மாதம் இதே மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைப் பெற்றவள் சாலை இல்லாமல் கையில் சுமந்து நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சாலையும் பேருந்தும் எட்டாத இடத்தில் சரக்கு வண்டியில் ஏறாதே என்ற அறிவுரை காதில் விழாது. எனினும் அதிக லோடு ஏற்றும் வழக்கம் இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு, லோடு எல்லைக்குள் ஓடிய வண்டியின் புகாரையும் தள்ளுவது நேர்மையல்ல. எவ்வளவு லோடு என்பதை எடை மேடைச் சீட்டால் நிரூபிக்கலாம். மலை வண்டிக்காரர் ஒவ்வொருவரும் அந்தச் சீட்டைச் சேர்த்துவைக்க வேண்டியது அபராதத்துக்குப் பயந்து அல்ல, தன் பக்கத்துச் சாட்சியாகவே.

இனி சட்டம் என்ன தருகிறது என்று பார்க்கலாம். உத்தரவாதத்தில் பிரேக் பேட், லைனர், கிளட்ச் பிளேட் போன்ற தேய்ந்துபோகும் பொருட்கள் சேராது என்ற நிபந்தனை எல்லா நிறுவனங்களிடமும் வழக்கமாக உண்டு. லைனர் சீக்கிரம் தேய்ந்தது என்று போனால் காசு கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். ஆனால் லைனர் சீக்கிரம் தேயக் காரணமான பாகம், திரும்பி வராமல் சிக்கிக்கொண்ட காலிப்பரோ வீல் சிலிண்டரோ, தேய்மானப் பொருள் அல்ல. புகாரை எழுதும்போது லைனர் தேய்ந்தது என்று எழுதாமல், சக்கரம் சூடாகிறது, பெடல் இறங்குகிறது, காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று எழுதுவதில் இருக்கிறது வித்தியாசம். ஜாப் கார்டில் அந்த வாசகம் ஏறியிருக்க வேண்டும். வாயால் சொன்னது எதற்கும் உதவாது.

அடுத்தது நுகர்வோர் ஆணையம். தொழிலுக்கு வாங்கிய வண்டிக்கு அங்கே இடமில்லை என்று விற்பனைக் கூடத்தில் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது தவறு. தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால் வாங்கியவர் நுகர்வோரே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கோவையின் பி.எஸ்.ஜி. நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கு அது. லாரி வாங்கித் தானே ஓட்டுபவரை நீதிபதிகள் உதாரணமாகவே எடுத்துச் சொன்னார்கள். ஒத்தாசைக்கு ஓரிரு ஆட்கள் வைத்துக்கொண்டாலும் அது மாறாது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்குத்தான் அந்தக் கதவு மூடியிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில் அல்லாமல் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பத்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் அதிகபட்சம் 200 ரூபாய்தான். குறை உள்ள பாகத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரமும் உண்டு. அந்தச் சோதனைக்குப் பாகம் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். கழற்றிய மாஸ்டர் சிலிண்டர் பழைய இரும்புக் குவியலுக்குப் போன பிறகு வழக்கு வெறும் பேச்சாகிவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110-ஏ பிரிவு இன்னும் வலுவானது. பாதுகாப்புக் குறை உள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு மத்திய அரசே ஆணையிடலாம், விலையைத் திருப்பித் தரச் சொல்லலாம், மாற்று வண்டி தரச் சொல்லலாம், பழுதுபார்க்கச் சொல்லலாம். 2021 ஏப்ரல் முதல் இதற்கான விதிகள் நடைமுறையில் இருக்கின்றன; ஏழு வயதுக்குட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். உரிமையாளர்கள் அரசின் வாகன் இணையதளத்தில் புகார் பதியலாம். அந்த வகை வண்டி ஆண்டுக்கு எத்தனை விற்றது என்பதோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை சூடுபிடிக்கும் என்பது ஏற்பாடு. இங்கேதான் மலை தோற்கிறது. நாடு முழுவதும் லட்சக்கணக்கில் விற்கும் பிக்கப்பில், மலையில் ஓடும் வண்டிகள் சிறு பகுதி. அவற்றில் மட்டும் தலைகாட்டும் குறை, மொத்த விற்பனையின் சதவீதக் கணக்கில் என்றைக்கும் கரை ஏறாது. ஜவ்வாது, கொல்லி, ஏற்காடு, கல்வராயன், நீலகிரி, இமயமலை மாநிலங்கள் என மலை வாகனங்களின் புகாரைத் தனியாக எண்ணினால் உண்மை தெரியும். அதே பிரிவு சோதனை நிறுவனம் தரும் தகவலையும், வேறு வழியில் வரும் தகவலையும் வைத்து அரசு நடவடிக்கை எடுக்க இடம் தருகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் மலை விபத்து அறிக்கைகளை மாடல் வாரியாகத் தொகுத்து அனுப்பினால் அதுவே போதுமான தகவல். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

உரிமையாளருக்குக் கசப்பான ஒரு செய்தியும் உண்டு. பிரேக் போய்விட்டது, நான் என்ன செய்ய என்று நீதிமன்றத்தில் கைவிரிக்க முடியாது. இயந்திரக் கோளாறுதான் விபத்துக்குக் காரணம் என்றால், தக்க கவனம் எடுத்தும் கண்டுபிடிக்க முடியாத மறைவான குறை அது என்பதை உரிமையாளரே நிரூபிக்க வேண்டும் என்று 1977-இல், மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சர்வீஸ் பில் இல்லாதவர், வழியோரத்தில் விலை மலிவான டூப்ளிகேட் லைனர் போட்டவர், ஆயிலை மாற்றாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே வந்தவர் அந்தச் சுமையைத் தூக்கவே முடியாது. தயாரிப்பாளரைக் கேள்வி கேட்கும் உரிமை பராமரிப்புக் காகிதங்களிலிருந்துதான் பிறக்கிறது. புதிய சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் எப்.சி. எனும் தகுதிச் சான்று என்பதால், அரசு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருப்பதற்கும் வழியில்லை.

மலைக்கென்று தனி அட்டவணை என்றால் செலவு யார் கொடுப்பது என்று கேட்பார்கள். பெரிய செலவு எதுவும் இல்லை. வருடம் ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றுவது, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டிரம்மைத் திறந்து ஷூவைப் பார்த்து இடைவெளியைச் சரிசெய்வது, டாட் 4 ஆயிலைத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துவது. ஒரு நாள் லோடு வாடகைக்குள் அடங்கும் காரியம். இதைத் தயாரிப்பாளர் கையேட்டில் எழுதிவிட்டால், கடன் கொடுக்கும் நிதி நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் கேட்கத் தொடங்கிவிடும். கேட்டால்தான் நடக்கும், அது நம் ஊர் இயல்பு. ஜமுனாமரத்தூரிலேயே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிரேக் சோதனைக்கு ஒரு கூடம் வைத்து, மலைப்பிள்ளைகளுக்கே அந்த வேலையைப் பழக்கினால், பழுதான வண்டியை இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு போகும் அபத்தம் நிற்கும். சாமை அறுப்பும் பலா சீசனும் தொடங்குமுன் வருடத்துக்கு இரண்டு முகாம் நடத்த நிறுவனங்களுக்கும் முடியும். மலைக்கு வந்து விற்கத் தெரிந்தவர்களுக்கு மலைக்கு வந்து பார்க்கவும் தெரிய வேண்டும்.

அதுவரை வண்டி ஓட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. பெடல் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை ஆழமாக இறங்கினாலே நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காதீர்கள், டிரம்மும் டிஸ்க்கும் விரிசல் விடும்; தானாக ஆறவிடுங்கள். ஓடும்போதே பிரேக் போனால் எஞ்சினை அணைக்காதீர்கள், நியூட்ரலுக்குப் போகாதீர்கள். பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று அல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வேறு வழியில்லையென்றால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைப்பக்கத்து ஓடையில் வண்டியைத் தேய்த்து நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே சக்கரங்களையும், ஆயில் டப்பாவின் மட்டத்தையும், கிலோமீட்டர் மீட்டரையும் செல்போனில் படம் எடுங்கள். அன்றே விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, வாகன் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். கழற்றிய பாகத்தையும், ஒரு சீசாவில் பழைய ஆயிலையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.